நான் பிரிக்க மறுத்த மஞ்சள் சதுரம்

போன வருடம் ஆவணி மாதம் விசுவமடுவில் எங்கள் வீட்டில் நடந்த விசயம் இது. மகளுக்குத் தலைப்பிள்ளை, ஆண்பிள்ளை. கட்டிக்கொடுத்தது புதுக்குடியிருப்பில் என்றாலும், வழக்கப்படி பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் செய்ததில் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தையல் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து துண்டுத் துணியில் விரிப்புத் தைக்கிறோம். ஒரு காலத்தில் ஒரு நிறுவனம் வந்து பழக்கிவிட்டுப் போனது. நிறுவனம் போய்விட்டது, நாங்கள் விடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாதர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்துக் கூடுவோம். பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய ஒரே அளவு எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அளவுக்கு அவரவர் வீட்டில் சதுரங்கள் தைத்துக் கொண்டுவர வேண்டும். சேலைக் கரை, சட்டை தைத்த மிச்சம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போட்டுக் கழித்த வெள்ளைச் சட்டை, எது கிடைக்கிறதோ அது. கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை சதுரம். பிறகு மாற்றிக்கொள்வோம். நான் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுப்பேன், எல்லோரிடமும் ஒவ்வொன்று வாங்குவேன். வீட்டுக்குத் திரும்பும்போது என் கையில் என்னுடையது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் மற்றவர்களின் கைவேலை. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளே பழைய நூல் சேலையை மடித்து வைத்து, நெருக்கமாக ஊசி ஓட்டினால் ஒரு விரிப்பு.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் சதுரத்தை நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்து, அதில் வந்த சண்டையில் கூட்டமே கலையப் பார்த்தது. அதற்குப் பிறகு எல்லோருமாக இருந்து பேசி வைத்தது இது. அழகோ அழகில்லையோ, கைமாறினால் மாறினதுதான்.

கூட்டத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் அந்த மாதம் எல்லோரும் அந்த வீட்டுக்கென்று தைப்பார்கள். இருப்பதில் நல்ல துணி எதுவோ அதில்தான் தைப்பார்கள். அந்த வீட்டுக்காரி பதிலுக்குத் தன்னுடையதை எல்லோருக்கும் கொடுப்பாள். விரிப்பு முடிந்ததும் வீட்டாருக்கு விரித்துக் காட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் கையை வைத்து, இது இன்னார் தந்தது என்று சொல்ல வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்.

இனி, அந்த மஞ்சள் சதுரத்தைத் தந்த தங்கச்சியைப் பற்றி. அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை, கூட்டத்தில் எல்லோருக்கும் இளையவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறோம். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். வயல்வேலைக்கும் போவாள், வீட்டோடு கத்தரி, மிளகாயும் வைத்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது. மற்றது கொஞ்ச நாள் இருந்து போனது.

என் பேரனுக்கென்று அவள் தந்த சதுரம் மஞ்சள் நிறம், அதில் சின்னச் சின்ன வெள்ளைத் தாரா வாத்துகள். புதுத்துணி. இவ்வளவு நல்ல துணியை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சட்டை தைக்க மாங்குளத்தில் வாங்கினதாம். கத்தரிக்கோல் வைக்காமல் அப்படியே இருந்ததாம். "பெட்டியில வச்சு என்ன செய்யப் போறேன் அக்கா, ஒரு பிள்ளை படுக்கட்டும்" என்றாள். அந்தச் சதுரத்தை விரிப்பின் நடுவில் வைத்துத் தைத்தேன்.

பிள்ளை பிறந்து இரண்டு கிழமை இருக்கும். சம்பந்தியம்மா, அதாவது மருமகனின் தாய், பேரனைப் பார்க்க வந்தா. நான் மகளின் பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய் விரிப்பை எடுத்து வந்து விறாந்தையில் விரித்தேன். சந்தோசப் புளுகம்தான், வேறென்ன. ஒவ்வொன்றாகக் கையை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவுக்கு வந்ததும் அந்தத் துணியின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்ட எல்லோருக்கும் கண் கலங்கியது. சம்பந்தியம்மாவுக்கும் கலங்கும் என்று நினைத்தேன்.

அவாவின் முகம் மாறிவிட்டது. விரிப்பில் ஊன்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. பிறகு மெதுவாகத்தான் சொன்னா.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இரண்டு பிள்ளையைப் பறிகுடுத்தவளின்ர துணி. அதுவும் அந்தப் பிள்ளைக்கெண்டு வாங்கின துணி. அதில என்ர பேரனைக் கிடத்த ஏலாது. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல் அதைப் பிரிச்சுப்போட்டு வேற துண்டு வையுங்கோ."

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான் கோபம் வந்தது. வந்த கோபம் போகவில்லை.

சம்பந்தியம்மா கெட்ட மனிசி இல்லை. என்னைப் போலத்தான், வெள்ளிக்கிழமை விரதம், கந்தசட்டி, எல்லாம் பிடிப்பா. போகும்போது வாசல் படலையில் நின்று ஒரு நியாயமும் சொன்னா. நீங்கள் பிள்ளை பிறந்த துடக்குக் காக்கிறீர்கள்தானே, கோயிலுக்குப் போகாமல், சாமிப்படத்துக்கு விளக்கு வைக்காமல் இருக்கிறீர்கள்தானே, அதைப் போலத்தான் இதுவும் என்று.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம், மகளின் தகப்பனிடம், சொன்னேன். இவர் வயலையும் வாய்க்காலையும் தவிர வேறு வழக்குக்குப் போகாத மனிதர். "பிள்ளை அங்க போய்த்தானே வாழ வேணும். ஒரு துண்டுத் துணிக்காக மாமியோட முதல் நாளே கொழுவலோ? பிரிச்சு விடும்" என்றார். மகளைப் பார்த்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தாள்.

இவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் அடம்பிடித்தால் அடி விழப்போவது எனக்கில்லை, மகளுக்கு. அதுதான் என்னை வாட்டியது.

அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு அம்மன் கோயிலடிக்குப் போனேன். துடக்கு வீட்டுக்காரி என்பதால் உள்ளே போகவில்லை. வெளிவீதியில், தேங்காய்க் கடைக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். எனக்கு ஒரு வழி காட்டு தாயே என்று கேட்டேன். ஒரு வழியும் காட்டவில்லை. கடைக்காரர்தான், ஏன் அம்மா வெயிலுக்குள் நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஆனால் அங்கே நின்றபோது ஒன்று விளங்கியது. துடக்கு என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முப்பத்தொன்று கழிந்தால் நான் உள்ளே போகலாம். அந்தத் தங்கச்சிக்கு எந்த நாள் கழியும்? அவளுக்கு ஒருவரும் நாள் குறிக்கவில்லையே. பிள்ளையைக் கொடுத்ததும் அம்மாள், எடுத்ததும் அம்மாள். அம்மாளைக் குறை சொல்லப் பயந்துகொண்டு, அந்தப் பழியைத் தூக்கி ஒரு பாவப்பட்ட பெண்ணின் தலையில் வைக்கிறோம். இது பக்தி என்று எனக்குப் படவில்லை.

வீட்டுக்கு வந்து, பிரிக்கிறதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்வது லேசு. அந்தக் கிழமையே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. விடியற்காலையில் தொடங்கி அழுதான், பால் எடுக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். அடுத்தது எனக்கே தெரியாமல் என் கை தையல் பெட்டிக்குள் நூல் அறுக்கிற பிளேட்டைத் தேடியது. விரிப்பை மடியில் போட்டு, மஞ்சள் சதுரத்தின் ஓரத் தையலில் பிளேட்டை வைத்தும் விட்டேன். அவளுடைய தையல் அரிசி மணியில் பாதிதான் இருக்கும், அவ்வளவு நெருக்கம். என் பேரனுக்கென்று கண்ணைக் குத்திக்கொண்டு தைத்திருக்கிறாள். பிளேட்டைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளித் தடிமன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று இளம் டொக்டர் பெண்பிள்ளை சொன்னா. இரண்டு நாளில் மாறிவிட்டது. எனக்குப் பயம் இருக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறைய இருந்தது.

விசயம் ஊருக்குள் போய்விட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறா, அவாவின் காதில் விழுந்தால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. அடுத்த நாளே மத்தியானம் அந்தத் தங்கச்சி சைக்கிளில் வந்து இறங்கினாள். கதிரையைக் காட்டினேன், இருக்காமல் நின்றாள். கையில் கடதாசியில் சுற்றிய புது பிளேட்.

"எங்க அக்கா அந்த விரிப்பு? நானே பிரிச்சுத் தந்திர்றேன். என் தையல் எனக்குத்தான் லேசா பிரிக்க வரும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் கூட இல்லை. வாங்கிய இடத்தில் காசு குறையக் கொடுத்துவிட்டோம், கொண்டுபோய்க் கொடுப்போம் என்கிற மாதிரி ஒரு அவசரம் மட்டும்தான். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எத்தனை வீட்டு விறாந்தையில் அவள் இப்படித் தானாகவே எழுந்து போயிருப்பாள்.

"பிரிக்கலாம்" என்றேன். "அதுக்கு முதல் நான் தந்த சதுரத்தைக் கொண்டு வாரும். சிவப்புச் சீத்தைத் துணி."

"அது என் படுக்கை விரிப்பில தச்சாச்சே."

"பிரிச்சுக் கொண்டு வாரும்."

"எப்படி அக்கா பிரிக்கிறது? சுத்திவர மத்தவங்களோடது இருக்கு. ஒண்ணை எடுத்தா எல்லாம் தளர்ந்து போகும்."

"அப்ப எனக்கு மட்டும் தளராதோ?"

அவள் என்னை முழித்துப் பார்த்தாள். "சட்டம் பேசுறீங்களா?"

"ஓம். நான் தனிய வைச்ச சட்டமில்லை. நீரும் இருந்துதான் வைச்சது. கைமாறினால் மாறினதுதான். அது இப்ப என்ர சதுரம். என்ர சதுரத்தில பிளேட் வைக்க நீர் ஆர்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்தாள். இருந்த பிறகுதான் அழுதாள். கொஞ்சம் ஆறியதும், என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, அக்கா?"

"அப்பிடி ஒண்டு ஆனாலும், அது அம்மாளும் நானும் கதைக்க வேண்டிய விசயம். உமக்கு அதில ஒரு பங்கும் இல்லை. விளங்குதோ?"

இதைச் சொன்னபோது என் குரல் உரத்துவிட்டது. உள்ளே பிள்ளை திடுக்கிட்டு அழுதான். மகள் எழுந்து வந்து கதவடியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு இருந்தாளோ தெரியாது.

முப்பத்தோராம் நாள் வந்தது. வீடு கழுவி, பிள்ளைக்கு முடி இறக்கி, ஐயர் வந்து புண்ணியாகம் செய்தார். சம்பந்தியம்மா குடும்பத்தோடு காலையிலேயே வந்துவிட்டா. எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தத் தங்கச்சி வரமாட்டேன் என்றுதான் நின்றாள். நான் போய்க் கூட்டிவந்தேன். வந்தவள் நேரே குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டாள்.

ஐயர் வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். நான் விறாந்தையில் பாயைப் போட்டு அதன் மேல் விரிப்பை விரித்தேன். மஞ்சள் சதுரம் நடுவில். வேண்டுமென்றுதான் வெளிச்சம் படுகிற பக்கம் விரித்தேன்.

சம்பந்தியம்மா கண்டுவிட்டா. ஐயரிடம் திரும்பி, இதற்கு நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று விசயத்தைச் சொன்னா. ஐயர் என்னைப் பார்த்தார், அவாவைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் தெளிச்சாச்சு அம்மா" என்று விரிப்பின் மேலும் இன்னொரு கை தீர்த்தத்தை உதறிவிட்டு, இன்னொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்று தன் மோட்டார் சைக்கிளைத் தேடிப் போய்விட்டார்.

"தீர்த்தம் துடக்குக்கு" என்றா சம்பந்தியம்மா. "இதுக்கில்லை. மச்சாள், நான் அண்டைக்கே சொன்னனான்."

விறாந்தை முழுக்க ஆட்கள். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். இவர் என்னைப் பார்த்து, விடும் என்று கண்ணால் சொன்னார். குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றதுதான் என்னைப் பேச வைத்தது.

"ஓம் மச்சாள், சொன்னீங்கள். நான் பிரிக்கேல்லை. பிரிக்கவும் மாட்டன். பிள்ளையைப் பறிகுடுக்காத வீட்டுத் துணிதான் வேணுமெண்டால், இந்த வன்னிக்குள்ள நான் எந்த வீட்டுப் படலையில போய்க் கேக்கிறது? இந்த விரிப்பில இருக்கிற ஒவ்வொரு சதுரத்தையும் அப்பிடிப் பாத்துக் கழிச்சால் மிஞ்சிறது வெறும் பாய்தான்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. சம்பந்தியம்மாவின் மூத்த மகனும் இல்லை. மருமகனுக்கு மூத்தவர். யுத்தத்தின் அந்தக் கடைசிக் காலத்தில் போனவர். நான் அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா. "அதாலதான் பயப்படுறன் மச்சாள்."

நான் இறங்கிப் போகக்கூடிய இடம் அதுதான். என் மனமும் இளகிவிட்டது. அவாவின் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தேன். ஆனால் விரிப்பை எடுக்கவில்லை.

அப்போது மகள் அறைக்குள் இருந்து வந்தாள். தோய்ந்த தலை காயவில்லை, கையில் பிள்ளை. இந்தக் கதை தொடங்கியதிலிருந்து ஒரு சொல் சொல்லாதவள். மாமியின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, நீங்கள் பக்கத்தில இருங்கோ. பிள்ளையை நான் கிடத்துறன்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. குனிந்து, பிள்ளையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, சரியாக நடுவில், தாராக்களின் மேல் கிடத்தினாள். அவன் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் நின்றா. பிறகு, மகள் சொன்ன மாதிரி, பாயின் ஓரத்தில் வந்து இருந்தா. விரிப்பில் கைபடாமல்தான் இருந்தா, ஆனால் இருந்தா.

நான் குசினிக்குப் போனேன். அந்தத் தங்கச்சி கதவு நிலையில் சாய்ந்து, தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு நின்றாள். விறாந்தைக்கு வந்து பிள்ளையைப் பாரும் என்றேன்.

"இங்கேருந்தே தெரியுது அக்கா" என்றாள்.

நான் விடவில்லை. அவளுடைய கையைக் கழுவச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயடியில் இருத்தினேன். அவள் ஒரு விரலை நீட்டினாள், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டான். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் பிடிக்கும். அதை ஒரு அற்புதம் என்று நான் எழுத வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுத வரவில்லை. சம்பந்தியம்மா அன்றைக்குச் சாப்பிட்டா, ஆனால் எனக்குப் போய்வாறன் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் தொலைபேசியில் கதைக்கவும் இல்லை. மகள் விரிப்பைத் தன்னோடு புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே அவா அதன் மேல் ஒரு பழைய வேட்டியை மடித்துப் போட்டுத்தான் பேரனைக் கிடத்துகிறா என்று மகள் சொன்னாள். போடட்டும். அவாவின் பயம் அவாவுக்கு. மகளை அதற்காக ஒரு சொல் சொல்லவில்லை, அந்த நன்றி எனக்கு உண்டு.

எங்கள் கூட்டத்தில் இந்த வருடம் இன்னொரு வீட்டில் பிள்ளை பிறந்தது. அந்தத் தங்கச்சி முதலில் தயங்கினாள். தன் சதுரத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த வீட்டுக்காரி எழுந்து போய், பைக்குள் கையை விட்டுத் தானே எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டி வரவில்லை.

நான் இன்றைக்கும் விரதம் பிடிக்கிறேன், துடக்குக் காக்கிறேன், கோயில் கூட்டுகிறேன், சாமிக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றையும் குறைக்கவில்லை. ஆனால் பெற்று இழந்த ஒருத்தியின் கையை ராசியில்லாத கை என்று யாராவது என் முன்னால் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், நான் எழுந்து நின்று மறுத்துப் பேசுவேன். அம்மாள் எனக்குத் தந்த வாய் அதற்கும் சேர்த்துத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.